கல்லுக்குப் போன கடிதம்

லண்டனில் எங்கள் ஹரோ வீட்டு முன்னறையில், பித்தளைப் பிள்ளையாருக்கும் மகளின் பட்டமளிப்புப் படத்துக்கும் நடுவே சாம்பல் நிறக் கல் ஒன்று இருக்கிறது. சோற்றுச் சட்டி மூடியளவு வட்டம், இரண்டு விரல் தடிப்பு. புதிதாக வருகிறவர்களால் அதைத் தூக்கிப் பார்க்காமல் இருக்க முடியாது. காலை அகட்டி, மூச்சைப் பிடித்து, இரண்டு கையாலும் தூக்குவார்கள். கல் துள்ளிக்கொண்டு அவர்கள் நாடிக்கு வந்துவிடும். அசடு வழிய அதைத் திரும்ப வைத்துவிட்டு, “கடதாசியோ?” என்று கேட்பார்கள். கடதாசிதான். பழைய மின்சாரப் பில், பிட்சாக் கடை விளம்பரம், வீட்டுக்கு வீடு இலவசமாகப் போடுகிற பேப்பர், அரசாங்கக் கடிதங்கள் என்று நாலைந்து வருடத்துக் கடதாசி அதற்குள் இருக்கிறது. இயேசுநாதரின் கல்லறையை மூடியிருந்த கல் அது. சைவக்காரியான என் வீட்டுக்கு அது எப்படி வந்தது என்பது பெரிய கதை.

எண்பத்தாறில் கலியாணம் முடித்து லண்டன் வந்தபோது எங்களுக்கு வாய்த்தது வெம்பிளியில் ஒரு வீட்டின் முன்னறை. மேலே பெரிய அறையில் இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். அவர்கள் ஷிப்டுக்குப் போவதும் வருவதும் எங்களுக்குக் கதவுச் சத்தமாகத்தான் தெரியும். கட்டில் போட்டால் கதவு திறக்க முடியாத சின்ன அறையில் அண்ணை இருந்தார். அண்ணை என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். அப்போது அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு கடற்கரை ஊரில் மீனவர் சங்கத்துக் கிளாக்கராக இருந்தவர். இங்கே ஒரு ஹோட்டல் குசினியில் பெரிய பெரிய சட்டிகளைக் கழுவினார். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி அவர் விரல்கள் எப்போதும் வெடித்திருக்கும். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருப்பதுதான் அவருடைய மெய்யான வேலை. சட்டி கழுவுவதெல்லாம் அதற்கு இடையில் செய்தது.

அந்த வீட்டில் ஆங்கிலம் என் துறை. பள்ளிக்கூடப் பரீட்சையில் ஆங்கிலத்தில் திறமைச் சித்தி எடுத்தவள் என்ற பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். அடுப்படியில் நின்றபடியே உடைத்து, வாசித்து, தமிழில் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுப்பேன். மாடிப்படிக்குக் கீழே இரண்டு காட்போட் பெட்டிகள் வைத்திருந்தோம். ஒன்றில் ‘பதில்’ என்று எழுதியிருந்தது. மற்றதில் ‘கல்லுக்கு’ என்று எழுதியிருந்தது. பதில் போட வேண்டியவை முதலாவதிலும் பயன் முடிந்தவை இரண்டாவதிலும் விழும். இரண்டாவது பெட்டி வேதக்காரரான அண்ணையின் ஏற்பாடு. வருடம் முழுவதும் அதில் சேருகிற கடதாசிதான் இயேசு உயிர்த்த திருநாளான பாஸ்குவுக்குக் கல்லாகும்.

ஊரில் அண்ணைக்கு இன்னொரு பெயர் இருந்ததாம், சோடனைக்காரர் என்று. பாஸ்குவுக்கு முந்திய தபசு காலம் தொடங்கினால் கந்தோரில் உடம்பு இருக்கும், மனம் கோயில் அலங்காரத்தில் இருக்கும். லண்டனில் அவருக்குச் சோடிக்கக் கிடைத்தது எங்கள் மாடிப்படிக்குக் கீழே, காஸ் மீட்டருக்குப் பக்கத்தில் நாலடி இடம். அதில் அவர் செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். குஜராத்திக் கடையில் வாழைப்பழப் பெட்டிகளை வாங்கிவந்து வெட்டி வளைத்துக் கல்லறைக் குகையாக்குவார். தேயிலைச் சாயத்தில் கடதாசியை முக்கிக் கசக்கி மேலே ஒட்டினால் குகை பாறையாகிவிடும். லோண்டரியில் சட்டை மாட்டித் தருகிற கம்பிக் கொழுவிகளை நிமிர்த்தி அதில் டிசுப் பேப்பரால் லீலிப் பூக்கள் செய்வார். பால் போத்தல்களின் வெள்ளித் தாள் மூடிகளை நாங்கள் ஒருவரும் எறியக்கூடாது. கழுவி, நகத்தால் தேய்த்து நேராக்கி, வானதூதரின் செட்டைக்கு ஒவ்வொன்றாக அடுக்குவார். புல் மட்டும் என் பங்கு. நவராத்திரிக்கு நவதானியம் முளைக்க வைப்பதைப் போலத் தட்டில் பஞ்சை நனைத்துக் கடுகு தூவி விடுவேன். பெரிய வெள்ளியன்று கல்லறையைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று நிற்கும். மீட்டர் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருமுறை முழங்காலில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, எழும்பும்போது தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

கல் கடைசியாகத்தான் வரும். கோதுமை மாவில் பசை காய்ச்சி, என் சோற்றுச் சட்டி மூடியின் மேல் கீலம் கீலமாகக் கடதாசி ஒட்டி, காயவைத்து, மேலே சாம்பல் பெயின்ற் பூசுவார். அடுத்த வருடம் புதிதாகச் செய்யமாட்டார். பழைய கல்லின் மேலேயே அந்த வருடத்துக் கடதாசியை ஒட்டுவார். அதனால் கல் வருடத்துக்கு வருடம் மொத்தித்துக்கொண்டு வந்தது.

முதல் வருடம் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாள், அண்ணை அடுப்படி வாசலில் வந்து தயங்கி நின்றார். தங்கள் வீட்டில் ஞாயிறு விடியக் கல்லைத் தள்ளுவது வீட்டுப் பெண்தான் என்றார். இந்த வீட்டில் பெண் நான் ஒருத்திதான்.

“நான் சைவமெல்லோ அண்ணை?”

“அது கல்லுக்குத் தெரியாது தங்கச்சி. விடிய முதல் கல்லறைக்குப் போனது பொம்பிளையள். ஆம்பிளையள் பயத்திலை கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கை இருந்தவை. நான் தள்ளினா அது பொய்யாப் போயிடும்.”

மறுநாள் முழுகி, பொட்டு வைத்து, திருநீறு பூசுவதா வேண்டாமா என்று கண்ணாடி முன் கொஞ்சம் யோசித்து, பூசாமல் போய்த் தள்ளினேன். கல் ஓர் ஓரமாக உருண்டது. உள்ளே வெள்ளைத் துணி மட்டும் மடித்துக் கிடந்தது. அண்ணை உயிர்த்த ஆண்டவரின் சின்னச் சுரூபத்தைக் குகை வாசலில் வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாற முறை அவ வந்து தள்ளுவா,” என்றார். அவ என்றால் மனைவி. அடுத்த வருடமும் நான்தான் தள்ளினேன். அதற்கடுத்த இரண்டு வருடங்களும் நான்தான். ஒவ்வொரு முறையும் அதே சொல்லைச் சொன்னார். நாலாவது முறை சொன்னபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், கேட்க ஏலாமல் இருந்தது.

தொண்ணூறில் ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கியது. மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் தங்கினார். பொலிஸ் பதிவு, சோதனை, நடுக்கம் என்று காலம் போனது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மூத்தவளுக்கு வருகிற ஆனியில் பதினெட்டு முடிகிறது. முடிந்துவிட்டால் பிள்ளை என்ற கணக்கில் அவளைக் கூப்பிட முடியாது. தாயும் இளையவளும் வரலாம், குமர்ப்பிள்ளை தனியாகக் கொழும்பு லொட்ஜில் நிற்க வேண்டும். அண்ணை அதைப் பற்றி வாய் திறந்து பேசவில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்புவதில் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வருடம் தபசு காலத்தில் அவருக்கு ஒரு மண்ணிறக் கடித உறை வந்தது. நான் அப்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அடுப்பில் பருப்பு, வாசலில் சப்பாத்து, கையில் கடிதம். முதல் பக்கத்தின் முதல் வரியைப் பார்த்தேன். உங்கள் விண்ணப்பம் கவனிக்கப்பட்டு வருகிறது என்று, நாலு வருடமாக நான் பார்த்த அதே வரி. மனப்பாடமே ஆகியிருந்தது. “வழமையானதுதான் அண்ணை,” என்று சொல்லி, பக்கத்தைத் திருப்பாமலே ‘கல்லுக்கு’ பெட்டியில் போட்டேன். பின்னால் இன்னும் இரண்டு தாள்கள் குத்தியிருந்தன. விரலுக்குத் தடிப்புத் தெரிந்தது. தெரிந்தும் திருப்பவில்லை. ஆங்கிலம் தெரியாதவள் என்றால் எழுத்தெழுத்தாகக் கூட்டிக் கடைசிவரை வாசித்திருப்பாள்.

பெரிய வியாழன் மாலை கொழும்பிலிருந்து போன் வந்தது. மனைவி விசாக் கந்தோரில் விசாரித்தாராம். லண்டனில் புருஷனுக்கு ஒரு படிவம் அனுப்பி நாலு கிழமையாகிறதாம், அதை நிரப்பி வருகிற செவ்வாய்க்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் முடிந்த மாதிரித்தானாம். போனை வைத்துவிட்டு அண்ணை என்னைப் பார்த்தார். “ஏதும் படிவம் வந்ததோ தங்கச்சி?” இல்லை என்று உடனே சொன்னேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. என் கையால் ஒரு படிவம் தவறும் என்று எனக்கே தோன்றவில்லை.

அடுத்த நாள் காலை மாக் குழைத்துக்கொண்டிருந்தபோதுதான் விரலுக்கு அந்தக் கடிதத்தின் தடிப்பு ஞாபகம் வந்தது. மாக் கையோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். ‘கல்லுக்கு’ பெட்டி வெறுமையாக இருந்தது. அந்தக் கிழமைதான் அண்ணை எல்லாவற்றையும் கீலம் கீலமாகக் கிழித்துக் கல்லில் ஒட்டியிருந்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிப்பு மட்டுமட்டு, என்னை நம்பிக் கிழித்தார். மனுஷன் தன் பிள்ளைகளின் விசாவைத் தன் கையாலேயே கிழித்துப் பசை பூசி ஒட்டியிருக்கிறார், பெயின்றும் அடித்திருக்கிறார். அதைச் செய்ய வைத்தது நான். எப்படிச் சொல்வேன்? பகல் முழுவதும் வாய் வரவில்லை. கோயிலுக்குப் போய்வந்து, மூன்று மணிக்குச் செபம் சொல்லி, குகை வாசலில் கல்லை வைத்துவிட்டு அவர் நிமிர்ந்தபோதுதான் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

அண்ணையின் முகத்தில் இரத்தமில்லை. கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். வாயை இரண்டு தரம் திறந்து மூடினார். நான் கல்லை எடுக்கக் குனிந்தேன்.

“தொடாதேங்கோ. பெரிய வெள்ளி வைச்ச கல்லை ஞாயிறு விடியுமுன்னம் அசைக்கக் கூடாது. அது எங்கடை வழக்கம்.”

சொல்லிவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சனிக்கிழமை முழுவதும் கீழே வரவில்லை. தேத்தண்ணி கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். கதவைத் திறக்காமலே, “வைச்சிட்டுப் போங்கோ,” என்றார். என் பயம் மெல்ல மெல்லக் கோபமாக மாறியது. குற்றம் செய்தவளுக்குக் கோபம் வருவது அழகில்லைத்தான், ஆனால் வந்தது. பிள்ளையின் வாழ்க்கை பெரிதா, கடதாசிக் கல் பெரிதா என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டும்விட்டேன். “கந்தோர் செவ்வாய்தானே திறக்கும். ஞாயிறு எடுத்தாக் காணும்,” என்று பதில் வந்தது. இந்த வேதக்காரரின் பிடிவாதத்தோடு மாரடிக்க ஏலாது என்று கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு விடிய முழுகிவிட்டு வந்தேன். அண்ணை வெள்ளைச் சேட்டுப் போட்டு எனக்கு முன்பே படிக்கட்டடியில் நின்றார். கல்லைத் தள்ளினேன். அவர் சுரூபத்தை வைத்தார், கும்பிட்டார். பிறகு கல்லைத் தானே தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்து, வழமையான குரலில், “தங்கச்சி, இளஞ்சுடுதண்ணி வையுங்கோ,” என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெங்காயம் உரிக்கிற மாதிரி உரித்தோம். தண்ணீரில் பசை இளக இளக அண்ணையின் வெடித்த விரல்கள் ஒவ்வொரு கீலத்தையும் கிழியாமல் பிரித்தன. பிட்சா விளம்பரம் வந்தது, பேப்பர்க்காரனின் கார் விற்பனைப் பக்கம் வந்தது, எங்கள் காஸ் பில் வந்தது. பிறகு அந்த மண்ணிற உறையின் ஒரு துண்டு. அதற்குப் பின்னால் படிவம், பதினொரு கீலமாக. கணவர் ஷிப்ட் முடிந்து யூனிபோமோடு வந்து, மேசையில் குந்தி, கீலங்களைப் பொருத்தினார். விண்ணப்ப இலக்கத்தின் கடைசி இரண்டு எண்கள் மட்டும் இல்லை. ஒரு மணித்தியாலம் தேடி, அது பிட்சா விளம்பரத்தின் முதுகில் ஒட்டிக் கிடக்கக் கண்டெடுத்தோம். கீலங்களைத் துணியில் விரித்து, மேலே இன்னொரு துணி போட்டு இஸ்திரிப் பெட்டி பிடித்தேன். குசினி முழுவதும் ரொட்டி சுடுகிற மணம். உயிர்த்த ஞாயிறு விருந்து அன்று பாணும் சம்பலும்தான்.

செவ்வாய் விடியவே குடிவரவுக் கந்தோருக்குப் போய் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் அண்ணை, நாங்கள் மட்டையில் ஒட்டியிருந்த படிவத்தைக் கொண்டுபோன பெட்டியிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதைப் பார்த்தார், மணந்தும் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். ஆங்கிலத்தில் திறமைச் சித்தி எடுத்தவளுக்கு ஒரு வசனம் வரவில்லை. “ஈஸ்டர்,” என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. அந்தப் பெண் லாச்சியைத் திறந்து ஒரு புதுப் படிவத்தை எடுத்தார். பழையதிலிருந்து இலக்கத்தைப் பார்த்து மேலே எழுதினார். இதை நிரப்பித் தாருங்கள் என்று நீட்டினார். புதுப் படிவம் கேட்டால் கிடைக்கும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவேயில்லை. ஒரு கடதாசி தொலைந்தால் வாழ்க்கை தொலைந்தது என்று பழகிப்போன சனம் நாங்கள். திரும்பி வரும்போது ரெயினில் அண்ணை சிரிக்கத் தொடங்கி, வெம்பிளி வரைக்கும் சிரித்தார். நான் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தேன்.

மூத்தவளுக்குப் பதினெட்டு முடிய ஒன்பது நாள் இருக்க மூன்று பேருக்கும் விசா கிடைத்தது. அடுத்த பாஸ்குவுக்கு, உரித்ததுபோக மிஞ்சிய கல்லில் அண்ணை புதிதாக ஒரு படை மட்டும் ஒட்டினார், அதோடு ஒட்டுவதை நிறுத்திவிட்டார். ஞாயிறு விடிய நான் ஒதுங்கி நின்றேன். மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா கல்லுக்கு முன்னால் குனிந்தவர் நிமிர்ந்து, என் கையைப் பிடித்து இழுத்தார். “கல்லறைக்குப் போனது ஒரு பொம்பிளையோ? இரண்டு மூண்டு பேரெல்லோ போனவை. வாரும் இஞ்சை.” இருவருமாகத் தள்ளினோம். அவர்கள் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊருக்குக் குடிபோன பிறகும், நாங்கள் ஹரோவுக்கு வந்த பிறகும், தொண்ணூறுகள் முடியும்வரை பாஸ்கு விடியலில் நான் அங்கேதான் நின்றேன். பிறகு பிள்ளைகள், வேலை, நோய் என்று அந்தப் போக்குவரத்து குறைந்தது. கடைகளில் மின்விளக்குப் போட்ட குகையே விற்கிறார்கள். அண்ணையின் மகள்மார் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அவர் அதை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாராம்.

போன மார்கழியில் அண்ணை காலமானார். முப்பத்தோராம் நாள் செபம் முடிந்து சனம் கலைந்த பிறகு, அக்காவும் நானும் பார்க்கிங் வீட்டுக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். துக்கத்தை இளக்க நினைத்துப் பழைய கதையை எடுத்தேன். அந்த மூன்று நாளும் என் உயிர் போய்வந்தது, உங்கள் வீட்டு வழக்கமும் ஒரு வழக்கமா என்றேன். அக்கா கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“எங்கடை வீட்டிலை அப்பிடி ஒரு வழக்கமும் இல்லை. சனிக்கிழமை பூ மாத்த எண்டு பத்துத் தரம் கல்லைத் தூக்கி வைப்பம்.”

எனக்கு விளங்கவில்லை. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“அவருக்கு அண்டைக்குச் சரியான கோபமாம். வாயைத் திறந்தா, அந்தப் பிள்ளை பிறகு தன்ரை முகத்திலை முழிக்க ஏலாத மாதிரி ஏதும் சொல்லிப்போடுவன் எண்டு பயந்து, வழக்கமெண்டு ஒரு பொய்யைச் சொல்லிப்போட்டு மேலை போனவராம். கோபம் ஆற ஞாயிறு வரைக்கும் எடுத்ததாம். பெரிய வெள்ளியிலை சொன்ன பொய் எண்டு பிறகு சாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனமும் செய்தவர். உமக்குச் சொல்லக் கூடாது எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்.”

முப்பது வருடத்துக்கு மேலாக அந்த மனிதரின் பிடிவாதத்தை நான் வேடிக்கைக் கதையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். அவருக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். அவரும் கூட இருந்து சிரித்திருக்கிறார். கழுவிய கோப்பைகளுக்கு முன்னால் நின்று நான் அழுத அழுகை, செத்த வீட்டன்று அழுததைவிடப் பெரிது. புறப்படும்போது அக்கா கல்லைப் பழைய சீலைத்துண்டில் சுற்றி என் கையில் தந்தார்.

இந்த வருட உயிர்த்த ஞாயிறு விடிய எழும்பி முழுகினேன். பொட்டு வைத்தேன். முன்னறை லைற்றைப் போடாமல், பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருந்த கல்லை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினேன். அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை, சுவர்தான். கணவர் படுக்கையிலிருந்து குரல் கொடுத்தார்.

“ஆரது, இந்த விடியக் காலமை?”

“நான்தான்,” என்றேன். “அண்ணையின்ரை கல்லுத் தள்ள வந்தனான்.”